தராசு பொய் சொல்லாது

“எங்க கொழுந்துல மூட்டைக்கு ரெண்டு கிலோ கொறைக்கிறீங்க!” என்று கத்தினாள் பூமணி.

“தராசு பொய் சொல்லாது, போ!” என்றார் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை மாசிலாமணி.

அப்போதுதான் அவர் மனைவி, காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே மருந்துப் போத்தலும் ஊசியில்லாத சிரிஞ்சுமாகத் தோட்டத்து டிஸ்பென்சர் குகநேசன்.

“பிள்ளையின்ர நிறைக்குத்தான் மருந்து அளக்கவேணும். குறைஞ்சால் கிருமி சாகாது. எங்கட தராசு பழுது.”

குழந்தையைக் கொழுந்துத் தராசில் வைத்தார்கள். முள் பத்தில் நின்றது. குகநேசன் ஐந்து மில்லி இழுத்து, குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

“நில்லுங்க சார்!” மாசிலாமணி அலறினார். “பன்னெண்டு கிலோன்னு வச்சு அளங்க!”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

குழந்தை ஒரே வாரத்தில் ஓடி விளையாடியது. கணக்கப்பிள்ளை குடும்பம்தான் அடுத்த மாதம் வலப்பனைக்குக் குடிபோய்விட்டது. இங்கத்திய குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.