பாய்லர் பரீட்சை

மிஸஸ் ஹெப்டன் மறுபடியும் கொட்டாவி விட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தேர்வு நடத்துகிறவருக்கே இவ்வளவு சலிப்பு தட்டிவிட்டால் நாம் தேறின மாதிரிதான் என்று கிளைவ் ரட்ஜ் மனசுக்குள் நொந்துகொண்டான்.

வேக்ஃபீல்டு பயிற்சிக் கூடத்தின் பாய்லர் அறையில் அவர்கள் இருவர்தான். எதிரே, வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்கவும் ஆஸ்பத்திரிகளில் வைத்திருக்கிற மாதிரி ஓர் ஆளுயர கேஸ் பாய்லர், நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. வீட்டு பாய்லர் என்றால் கிளைவ் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். பத்தொன்பது வருஷத் தொழில். ஆனால் கேஸ் வேலை செய்ய அவனுக்குக் கொடுத்த அனுமதி அட்டையின் பின்பக்கத்தில் வீட்டு பாய்லர் வேலை மட்டும்தான் எழுதியிருந்தது. பெரிய பாய்லரைத் தொட அது செல்லாது.

அவன் கம்பெனியோ வீட்டு வேலையை அடியோடு நிறுத்திவிட்டது. போன மாதம் இதே பரீட்சையில் கோட்டை விட்டாயிற்று. இன்றும் விட்டால் வெள்ளிக்கிழமையோடு வேலை போய்விடும். மனைவியிடம் இதைப் பற்றி அவன் மூச்சே விடவில்லை.

தேர்வாளர் அறைக்குள் வேண்டுமென்றே சில கோளாறுகளைச் செய்துவைத்திருப்பார். எத்தனை என்று சொல்ல மாட்டார். ஒன்றைத் தவறவிட்டாலும் போச்சு.

"பயந்தா கண்ணு தெரியாது, கிளைவ். எப்பவும் போற வீட்டு வேலைன்னு நெனச்சுக்கோங்க," என்றார் மிஸஸ் ஹெப்டன், தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கியபடி.

நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தான். நெஞ்சு படபடத்தது, தலை கிறுகிறுத்தது. நாற்பத்தாறு வயதில் பரீட்சைக்குப் பயந்து மயங்கி விழப்போகிறாயா என்று தன்னையே திட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சுற்றி வந்தான்.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயுவைக் காட்டிக்கொடுக்க கதவுக்கு மேலிருந்த அலாரத்தில் பேட்டரி இல்லை. காற்று வருகிற துவாரத்தில் பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தது. அவசரத்துக்கு கேஸை மூடும் வால்வின் கைப்பிடியைக் காணோம். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் தாளில் டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் எத்தனை பாக்கியோ என்ற பயம் அவனை விடவில்லை. பாய்லருக்குப் பின்னால் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தான்.

பாய்லரின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாயின் இணைப்பு கழன்று, இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. கையை நீட்டினால் சுடச்சுடக் காற்று அடித்தது. எரிகிற பாய்லரில் இதையும் செய்துவைத்திருக்கிறாரே, இந்த அம்மாவுக்கு நெஞ்சழுத்தம்தான் என்று வியந்துகொண்டே எழுந்தான். காலையிலிருந்து முதல் முறையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"எல்லாத்துலயும் பெருசை மறைச்சு வச்சிருக்கீங்க, மிஸஸ் ஹெப்டன். கொழாய் கழண்டு, விஷப்பொகை பூரா ரூமுக்குள்ளதான் வருது. இது மட்டும் நெசமா இருந்தா, உள்ள இருக்கறவங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்க மாட்டாங்க. ஆக, மொத்தம் நாலு. சரிதானே?"

மிஸஸ் ஹெப்டனின் பேனா தாளின் மேல் அப்படியே நின்றது.

"நான் வச்சது மூணுதான், கிளைவ்."