விண்ணப்ப நேரம்

"ஜெப விண்ணப்பம் இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்று சபைப் போதகரான ஐயர் சொன்னதும் லேயாள் எழுந்துவிடுகிறாள். மகள் தமிழினியின் சிறுநீரகத்துக்காக இரண்டு வருடமாய் ஞாயிறுதோறும் எழுந்து நின்ற கால்கள். தமிழினியைப் புதன்கிழமைதான் அடக்கம் செய்தார்கள். சன்னலுக்கு வெளியே கோட்டை மலைப் பாறைகளில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மடியிலிருந்து நழுவிய பாட்டுப் புத்தகத்தின் தாள்களை மின்விசிறி புரட்டுகிறது. சபை முழுவதும் அவளையே பார்க்கிறது. "என்ன விண்ணப்பம்மா?" ஐயரின் குரல் இறங்கிவிடுகிறது. "ஒண்ணும் இல்லீங்க ஐயரே. நின்னு நின்னு பழகிடுச்சு." "உக்காரு லேயா" என்று பக்கத்து வரிசையிலிருந்து கணவன் கெஞ்சுகிறான். உட்கார்ந்துவிட்டால் கடவுளிடம் கேட்க இனி எதுவுமில்லை என்றாகிவிடும். மற்றவர்களின் விண்ணப்பங்கள் முடிந்து, எல்லோரும் ஆமென் சொல்லி அமர்ந்த பின்பும் அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.