பல்லியின் சாட்சி

ஒரு வீட்டுச் சுவரில் பல்லி ஒன்று வாழ்ந்து வந்தது. அது வாய் திறந்தால் நல்ல சகுனம் என்று நம்பிய எசமானி மங்கையர்க்கரசி, அதை ஒருநாளும் விரட்டியதில்லை. பிறகு அந்த வீட்டுக்குக் கணினி வந்தது. மகளுக்கு வரன் முதல் கூட்டுக்கு உப்பு வரை எசமானி எல்லாவற்றையும் அதனிடமே கேட்கலானாள்.

பல்லிக்குச் சந்தேகம் தட்டியது. "ஏனப்பா, உனக்கு நாக்கே இல்லை. எப்படிக் குறி சொல்கிறாய்?"

"ஊரார் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் எப்படி, அண்ணே?"

"அது தொழில் இரகசியம்" என்று பல்லி முறைத்தது.

மறுநாள் எசமானி துடைப்பத்தோடு வந்தாள். "இனி இந்தப் பல்லி எதற்கு? அடித்துவிடலாமா?" என்று கணினியைக் கேட்டாள்.

"வேண்டாம் அம்மா, அது கொசுவைத் தின்னும்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. துடைப்பத்தை ஓங்கினாள். பல்லி பயத்தில் கத்திவிட்டது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. "பல்லியே சொல்லிவிட்டதே! அப்படியானால் கம்ப்யூட்டர் சொன்னது சத்தியம்தான்" என்று அவள் மேசையை விரலால் தட்டிக் கும்பிட்டாள்.

விட்டத்தில் ஏறி ஒளிந்த பல்லி, கீழே கணினியை உற்றுப் பார்த்தது. 'கைம்மாறு கேளாமல் என்னைக் காப்பாற்றுகிறான். இவனிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.'