வலக்கை

டாக்டர் இசுருகி ஸ்கேன் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயும், கழுத்துக்குப் போகும் கிளைகளும் பளிச்சென்று எரிந்தன. அழற்சி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அப்படி எரியும். இடக்கைக்குப் போகும் குழாய் பாதி வழியிலேயே நூலாக இளைத்துவிட்டிருந்தது.

இருபத்தொன்பது வயது. ஷிசுவோகா தேயிலைத் தொழிற்சாலையில் நின்றபடியே மயங்கி விழுந்தவள். எழுந்து நின்றால் இடக்கண் இருட்டுகிறது என்றாள் சிஹாரு.

மருந்து அழற்சியை அடக்கும், சுருங்கிய குழாயை விரிக்காது, கண் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாது. ஒளிக்காமல் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மா தொக்கிகோ தலையை மட்டும் ஆட்டினாள்.

மேசையில், தொழிற்சாலைக்கே வந்து வருஷா வருஷம் செய்யும் உடல் பரிசோதனைத் தாள்கள். ஏழு வருஷத்தது. ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

முதல் வருஷம் ரத்த அழுத்தத்துக்கு ‘இடது’ என்று எழுதி, அடித்து, ‘வலது’ என்று மாற்றியிருந்தது. அதற்கப்புறம் எல்லா வருஷமும் நேராக வலதுதான். கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, நர்ஸின் சிவப்புப் பெயர் முத்திரை. எழுத்து மங்கி, அடியில் ஒரு சில்லு பெயர்ந்த வட்டம். ஏழு தாளிலும் அதே வட்டம்.

இடக்கையில் துடிப்பு கேட்கவில்லை என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வரி எழுத மட்டும் கை வலித்திருக்கிறது.

“யாரும்மா இந்த மகராசி? அன்னைக்கே ஒரு வார்த்தை எழுதியிருந்தா இந்தப் பொண்ணு இப்படி வந்து உக்காந்திருக்கவே மாட்டா.”

யாரோ ஒரு நர்ஸ் வருவார், முகமெல்லாம் ஞாபகமில்லை என்றாள் சிஹாரு.

பெருந்தன்மைக்கும் ஒரு அளவு வேண்டாமா? எரிச்சலோடு அட்மிஷன் படிவத்தை அம்மாவிடம் தள்ளினார். பொறுப்பேற்பவரின் முத்திரை வேண்டும் என்றார்.

தொக்கிகோ கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். சிவப்பு மையில் தொட்டு அழுத்தினாள். பழகிய கை, கோணாமல் விழுந்தது.

அடியில் சில்லு பெயர்ந்த வட்டம்.

டாக்டர் பழைய தாள்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“பின்னாடி நாப்பது பேர் வரிசையில நின்னாங்க, டாக்டர். சொந்தப் பொண்ணுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கிறான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு...”

சிஹாரு வலக்கையை நீட்டி, அந்தப் படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள்.