இலவச பிஸ்கட்

சிக்கனம் பார்த்து இரண்டு விமானக் கம்பெனிகளில் தனித்தனி டிக்கெட் எடுத்த மேதை நான்தான். முதலாவதில் கட்டணம் குறைவு; இரண்டாவதில் பிஸ்கட் இலவசம். டென்வரில் விமானம் மாறும்போது பெட்டியை அவர்களே மாற்றிவிடுவார்கள் என்று நம்பிவிட்டேன். இங்கே பாய்சி விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட் வெறுமையாகச் சுழல்கிறது. அதன்மேல் சன்னலின் பனிவெளிச்சம் வழுக்கிக்கொண்டே போகிறது. பெட்டிக்குள் மகள் பிரிட்டாவின் பனிச்சறுக்குக் காலணிகள். சாயங்காலம் அவளுக்குப் பனித்தரையில் ஆடித் தாவும் போட்டி. இரண்டாவது கம்பெனியின் கவுண்டர் பெண்மணி லொரெய்ன் கணினியைத் தட்டியபடி, "அது அவங்க பொறுப்பு சார்" என்கிறாள். போனில் முதல் கம்பெனிக்காரர்கள், "அங்கேயே கேளுங்க" என்கிறார்கள். பிரிட்டா பிஸ்கட்டை உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டுகிறாள். "இதுக்காகத்தானேப்பா இவ்வளவும்? சாப்பிடு." வாயில் போட்டுக்கொண்டே கேட்கிறேன்: "வாடகைக் காலணியில ஆடிரலாம்ல கண்ணு?" ஷூ நுனியைப் பார்த்தபடி சொல்கிறாள்: "ஆடலாம்பா. தாவ முடியாது."