அஞ்சு மணிக்குக் கிளம்புகிறவர்

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், பிரேமலா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் தயானந்தன்.

செனாய் நகரத் தொழிற்சாலைக்கு அவர் மேனேஜராக மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்டோர் பிரிவுக்கு ஓர் உதவி மேனேஜர் தேவைப்பட்டார். அனுபவத்தில் பிரேமலாதான் மூத்தவர். வேலையிலும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அஞ்சு மணி ஆனால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். ஒருநாள் சிக்னலில் அவருடைய காரைப் பார்த்தார் தயானந்தன். பின்சீட்டில் ஒரு சின்னப் பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதே பிரிவில் வேலை செய்த லோகேஸ்வரன் அப்படி இல்லை. எத்தனை மணிக்கு மீட்டிங் வைத்தாலும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பான்.

"சின்னப் பிள்ளையை வச்சிருக்கீங்க. இந்த வேலைக்கு வந்தா மீட்டிங், ஆடிட்னு வீட்டுக்குப் போக நேரமாயிடும்லா. நீங்க அலைய வேணாம்னுதான் லோகேஸுக்குக் கொடுக்கிறேன்."

பிரேமலா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிங்க சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

தயானந்தனுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தாயின் சிரமத்தைப் புரிந்து நடந்துகொண்டோம் என்ற திருப்தியோடு லோகேஸ்வரனைக் கூப்பிட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளிறிப்போனது.

"எனக்கு வேணாம் சார். பிரேமலா அக்காவுக்கே கொடுங்க."

"அவங்களுக்குப் பிள்ளை இருக்கு லோகேஸ். எப்படிச் சமாளிப்பாங்க?"

"அக்காவுக்குப் பிள்ளை இல்ல சார்."

"அட, அலமாக்! நானே கண்ணால பார்த்தேன்லா. கார்ல..."

"அது என் மக சார்."

தயானந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் பொண்டாட்டி எங்களை விட்டுட்டுப் போய்ட்டா. வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு. மீட்டிங்ல பாதியில எழுந்து போனா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு பயம். அக்காதான் தினமும் நர்சரியில இருந்து பிள்ளையைக் கூட்டிட்டுப் போய், குளிக்க வச்சு, சோறு ஊட்டி, நான் வர்ற வரைக்கும் பார்த்துக்கிறாங்க."

அவன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான்.

"உங்ககிட்ட நான் நல்ல பேரு வாங்கினதே அவங்களாலதான் சார்."

தயானந்தனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தானே எழுந்து பிரேமலாவின் மேசைக்குப் போனார். அவர் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"அது உங்க பிள்ளை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. இந்த வேலை உங்களுக்குத்தானே வந்திருக்கும்!"

பிரேமலா கணினியை அணைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

"சொல்லியிருந்தா, அப்ப யார் பிள்ளைன்னு கேட்டிருப்பீங்க சார். அப்புறம் லோகேஸ் தம்பியையும் ஒதுக்கியிருப்பீங்களே."