சாட்சிக் கையெழுத்து

“வீட்டை மாத்திடலாம். கீழ் வீட்டுக் கிழவர் சுத்த ஃபிராடு,” என்றேன்.

அஞ்சனா தோசையைத் திருப்பிப் போட்டாள். “யாரு, மிரோன் அங்கிளா? போன ஐப்பசில உங்க பேருக்கு ஆயுஷ்ய ஹோமம்னு ஃப்ளஷிங் கோயிலுக்குப் போனப்போ, கேட்காமலே கார் சாவியை நீட்டினாரே, அவரா?”

“சாவி கொடுத்தா யோக்கியனா? அத்தனை பேப்பரும் பொய், அஞ்சனா.”

பேப்பர் விஷயத்தில் நான் கொஞ்சம் லூசு. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வரை பிளாஸ்டிக் உறை போட்டு ஃபைலில் வைத்திருக்கிறேன். தீப்பிடித்தால் முதலில் ஃபைல், அப்புறம் நீ என்று ஒரு முறை வாய் தவறி அவளிடம் சொல்லிவிட்டு, ரெண்டு நாள் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிட்டேன். அடுத்த மாதம் எனக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ வேறு.

மிரோன் எங்கள் வீட்டுக்காரர். உக்ரைனிலிருந்து உலகப் போரில் தப்பித்து, ஒரு தகரப் பெட்டியோடு இந்த நியூ ஜெர்சிக்கு வந்தவர். மனைவி போய்விட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. அந்தப் பெட்டியில் இருக்கும் அகதி முகாம் அட்டை, கப்பல் டிக்கெட், பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் அவர்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் மியூசியம் ஒன்று கேட்டிருந்தது.

“நீ கம்ப்யூட்டர்காரன். ஒழுங்கா அடுக்கிக் கொடு, வென்கட்,” என்றார். வெங்கடகிருஷ்ணன் அவர் வாயில் அவ்வளவுதான் நுழையும்.

ஆபீசில் எனக்கு, 2000 பிறந்தால் கம்ப்யூட்டரில் தேதி குழம்பாமல் பார்த்துக்கொள்ளும் ஒய்-டூ-கே வேலை. நாள் பூரா தேதிகளைச் சரி பார்ப்பவன் என்ற கர்வத்தோடு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே தப்பு கண்ணில் பட்டது. பெட்டியில் இருந்த பைபிளின் கடைசிப் பக்கத்தில் அவர் அம்மா எழுதி வைத்த பிறந்த தேதியும் ஊரும் ஒன்று, முகாம் அட்டையில் இருப்பது வேறு. எதையோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவரிடம் நீட்டினேன்.

“அம்மா எழுதினதுதான் நிஜம். முகாம்ல நான் சொன்னது எல்லாம் பொய்,” என்றார் அவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. “போர் முடிஞ்சதும் சோவியத் பட்டாளம் முகாமுக்கு வந்தது. சோவியத்ல பிறந்தவன் எல்லாம் திரும்பி வந்தாகணும்னு எங்க ஆளுங்களைத் தேடித் தேடி லாரில ஏத்தினாங்க. போனவன் ஒருத்தன்கிட்டேர்ந்தும் கடுதாசி வரலை. நான் போலந்துல பிறந்தவன்னு சொல்லிட்டேன். தேதியையும் மாத்தினேன். பிழைச்சேன். இந்த ஊர் சிட்டிசன் ஆனதும் அதே பொய்லதான்.”

பிறகு டைப் அடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். அதில் அவருடைய நிஜமான கிராமத்தின் பெயர் இருந்தது.

“இது பெட்டியோட போகணும். சாட்சிக் கையெழுத்து இல்லாம எடுத்துக்க மாட்டாங்களாம். நீ போடு. சாகறதுக்குள்ள ஒரு பேப்பர்லயாவது அம்மா பெத்த ஊர்ல நான் பிறந்திருக்கணும்.”

பேனாவையும் பக்கத்தில் வைத்தார். பொய் பேப்பர்காரனுக்குச் சாட்சி என்று என் பெயர் எங்காவது ஏறினால் கிரீன் கார்டு கோவிந்தா. யோசித்துச் சொல்கிறேன் என்று மாடிக்கு ஓடி வந்துவிட்டேன்.

“பாவம்ங்க. ஒரு கையெழுத்துதானே?” என்றாள் அஞ்சனா.

“பேப்பர்ல ஒண்ணு, நிஜத்துல ஒண்ணுன்னு இருக்கற ஆளோட எனக்கு ஒத்து வராது. ஒண்ணாந்தேதி நோட்டீஸ் கொடுத்துடறேன்.”

சொன்னபடியே ஒன்றாந்தேதி சாயங்காலம் நோட்டீஸோடு இறங்கினேன். அஞ்சனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜையில் ஒரு கேக், அதன்மேல் எங்கள் காலடி கேட்டு அப்போதுதான் ஏற்றிய மெழுகுவர்த்திகள், ‘ஹாப்பி பர்த்டே வென்கட்’. பக்கத்தில் அந்தத் தாளும் பேனாவும் வைத்த இடத்திலேயே இருந்தன.

“கையெழுத்துக்கு வேற யாரையும் கேட்கலையா?” என்றேன்.

“இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்க,” என்றார் மிரோன். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு சிரித்தார். “அது கிடக்கட்டும். வீட்டு அக்ரிமென்ட்ல உன் பிறந்த தேதியைப் பார்த்து வச்சிருந்தேன். ஜூன் ஒண்ணு. வா, ஊது.”

நோட்டீஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கேவலமாக இருந்தது. இருந்தாலும் தேங்க்ஸ் சொல்லி ஊதிவிட்டுப் போயிருப்பேன், அஞ்சனா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

“ஐயோ அங்கிள், இவர் பிறந்தது அக்டோபர்ல. ஜூன் ஒண்ணு சும்மா பேப்பருக்கு. ஸ்கூல்ல சேர்க்க வயசு பத்தலைன்னு மாமனார் தேதியை மாத்திக் கொடுத்துட்டார். பாஸ்போர்ட், விசா, கிரீன் கார்டு ஃபைல், எல்லாத்துலயும் அதேதான்.”

அவள் காலை மிதித்தேன். கொஞ்சம் லேட்.

மிரோன் கேக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. ரொம்ப வருஷம் கழித்து ஒரு முகாம் கூட்டாளியைக் கண்டவர் மாதிரி என் தோளில் கை போட்டார். இன்னொரு கையால் பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்.

“உன்னை எந்தப் பட்டாளம்ப்பா துரத்திச்சு?”